தவிட்டுக்குக் கொடுத்த பிள்ளை

ஆற்றங்கரைத் தோட்டம்,
மூவார்.
8-2-1931

அன்புள்ள அண்ணன் கனகராஜ் அவர்களுக்கு, தங்கை புஷ்பவள்ளி வணங்கி எழுதுவது.

நான் சுகம். நீங்களும், என் மகள் செல்லமும், பக்கத்து வீட்டில் அவளை வைத்துப் பார்த்துக்கொள்கிற பேச்சியம்மாள் அக்காவும் சுகமாக இருக்கிறீர்களா? செல்லத்துக்குச் சளி விட்டதா? மழையில் ஆட விடாதீர்கள் என்று அக்காவிடம் சொல்லுங்கள்.

சுகம் என்று எழுதிவிட்டேன். கை கால் சுகம்தான், நாக்குதான் படாத பாடு படுகிறது. துரைசாணி கெட்டவள் இல்லை. ஆனால் விடிந்ததிலிருந்து அவள் வாயில் கிவ், கிவ் என்று ஒரே சொல். ‘ஆயா, கிவ் பேபி ஹெர் பாத்’ என்கிறாள். குளிப்பாட்டு என்று அர்த்தமாம். குளியலை எப்படி அண்ணா கொடுப்பது, தட்டில் வைத்தா? நேற்று ‘கிவ் மீ எ மினிட்’ என்றாள். மினிட் என்றால் நிமிஷம் என்று தெரியும். நான் போய் மேஜைக் கடிகாரத்தைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றேன். சமையல்கார மீரா சாகிபு சிரித்த சிரிப்பு இன்னும் அடங்கவில்லை.

நான் சிரிக்கவில்லை. என் வீட்டுக்காரர் மரம் விழுந்து இறந்து போன பிறகு எனக்கென்று கூலி லயத்தில் அறை கிடையாது. பிள்ளையைக் கூட்டிவரக் கூடாது என்ற பேச்சின் மேல்தான் இந்த வேலையும். ஆனால் துரைசாணி ஒன்று சொல்கிறாள். ஜொகூர் பாரு ஆஸ்பத்திரியில் வெள்ளைக்கார வார்டுக்கு இங்கிலீஷ் பேசும் ஆயா தேவைப்படுமாம். வேலைக்கு இருப்பவர்களுக்குத் தனி அறை உண்டு, பிள்ளையை வைத்துக்கொள்ளலாம். ‘நீ தடுமாறாமல் பேசு, நான் எழுதுகிறேன்’ என்கிறாள். ஆகவே அண்ணா, உங்கள் ஏழாம் வகுப்பு இங்கிலீஷை எனக்குக் கொஞ்சம் கொடுங்கள். இந்த ஒரு சொல்லிலிருந்து ஆரம்பியுங்கள்.

இங்கே பேபிக்கு நம் செல்லத்தின் வயதுதான். தூங்கும்போது அதே மாதிரி கன்னத்துக்குக் கீழே கையை வைத்துக்கொள்கிறது. நான் அந்தப் பக்கம் பார்ப்பதில்லை.

செல்லத்துக்கு என் முத்தம்.
புஷ்பம்

*

மேட்டுத் தோட்டம்,
குளாய்.
16-2-1931

அன்புத் தங்கை புஷ்பத்துக்கு அண்ணன் ஆசி கூறி எழுதுவது.

எல்லோரும் நலம். சளி விட்டுவிட்டது. உன் மகள் இப்போது பேச்சியம்மாளின் பசுவுக்குப் பெயர் வைத்திருக்கிறாள். பெயர் என்ன தெரியுமா? புஷ்பம். அம்மா பெயரை மாட்டுக்கு வைக்கலாமா என்று கேட்டேன். ‘அம்மாதான் இங்க இல்லியே’ என்றாள்.

இனிப் பாடம். நம் அப்பா தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் பிரம்பை ஆட்டிக்கொண்டு சொல்வாரே, ஈ, தா, கொடு என்று. தன்னைவிட உயர்ந்தவனிடம் கேட்டால் ஈ, சமமானவனிடம் தா, தாழ்ந்தவனிடம் கொடு. வெள்ளைக்காரனுக்கு இந்த வம்பே கிடையாது. பிச்சைக்காரனும் ராஜாவும் கிவ் என்றே கேட்கலாம். அதற்குச் சொந்தக்காரச் சொற்கள் சில உண்டு. ஹேண்ட் என்றால் கையில் எடுத்துக் கொடுப்பது. ஆஃபர் என்றால் வாங்குவார்களோ மாட்டார்களோ என்று நீட்டுவது. பிரெசென்ட் என்றால் மாலை மரியாதையோடு கொடுப்பது. கிராண்ட் என்றால் சர்க்கார் மனமிரங்கிக் கொடுப்பது. அது அநேகமாக நமக்குப் பயன்படாது.

நிமிஷம் கொடு என்றால் கொஞ்சம் பொறு என்று அர்த்தம். கடிகாரத்தை இனித் தொடாதே, உடைந்தால் சம்பளத்தில் போய்விடும்.

நீ படித்து அந்த ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டால் செல்லத்தை நானே கொண்டுவந்து விடுவேன். மாப்பிள்ளை லெட்சுமணன் இருந்திருந்தால் இந்தப் பாடே இல்லை. சரி, அதை ஏன் இப்போது.

நேரத்துக்குச் சாப்பிடு.
கனகராஜ்

*

மூவார்,
4-3-1931

அண்ணன் அவர்களுக்கு, புஷ்பத்தின் வணக்கம். உடம்புக்கு ஒன்றுமில்லை. அங்கும் அப்படியே இருக்க வேண்டும்.

உங்கள் ஹேண்ட், ஆஃபர் எல்லாம் நெட்டுருப் போட்டேன். துரைசாணி அவற்றில் ஒன்றைக்கூடச் சொல்வதில்லை. பிரெசென்ட் என்று நான் சொல்லப்போக, கிறிஸ்துமஸ் இப்போது இல்லை என்றாள். எல்லாவற்றுக்கும் கிவ்தான், பின்னால் ஒரு வாலைச் சேர்த்துவிடுகிறாள். பேபி அடம் பிடித்தால் ‘டோன்ட் கிவ் இன்’ என்கிறாள், விட்டுக்கொடுக்காதே என்று. துரை சுருட்டை விட வேண்டும் என்பதற்கு ‘கிவ் அப்’. பேபியின் பழைய சட்டைகளை மூட்டை கட்டி ‘கிவ் அவே’ என்றாள். யாருக்காவது கொடுத்துவிடு, திரும்ப வேண்டாம் என்று அர்த்தமாம். அதில் இரண்டு சட்டை செல்லத்துக்கு அனுப்பியிருக்கிறேன். ஒன்றில் வாத்து போட்டிருக்கும்.

எனக்குப் பிடித்தது ‘கிவ் பேக்’. பேபி என் வளையலைப் பிடுங்கிக்கொண்டால் துரைசாணி சொல்வாள், ‘கிவ் இட் பேக் டு ஆயா’. உடனே கைக்கு வந்துவிடும். உடையவளிடம் திருப்பிக் கொடு என்று இத்தனை சின்னதாகச் சொல்ல முடிகிறது பாருங்கள்.

செல்லம் மாட்டுக்கு என் பெயர் வைத்ததை நினைத்து முதலில் சிரித்தேன். பிறகு பாத்திரம் கழுவும் இடத்துக்குப் போய் அழுதேன். அவளிடம் சொல்லுங்கள், அம்மா இங்கிலீஷ் படித்து முடித்ததும் வந்துவிடுவாள் என்று. தினமும் சொல்லுங்கள்.

புஷ்பம்

*

மேட்டுத் தோட்டம்,
22-3-1931

தங்கை புஷ்பத்துக்கு,

நலம் என்று தொடங்கத்தான் ஆசை. செல்லத்துக்கு மலைக்காய்ச்சல். பயப்படாமல் முழுவதும் படி. தோட்டத்து மருந்துக்காரர் கொயினா கொடுக்கிறார். இறங்குகிறது, மறுபடி ஏறுகிறது. குழந்தை துணி மாதிரிக் கிடக்கிறாள்.

பேச்சியம்மாள் ஒரு யோசனை சொல்கிறாள். நம் சனங்கள் செய்வதுதான். நோஞ்சான் பிள்ளையைப் பெற்றவள் தவிட்டுக்கு விற்றுவிடுவது. பெற்ற பிள்ளைகள் எல்லாம் உயிரோடு இருக்கிற ஒருத்தி வாங்க வேண்டும். பேச்சியம்மாளுக்கு நாலும் நிற்கிறது. அவளே கேட்கிறாள். ‘எமன் புஷ்பத்தோட புள்ளையத்தானே தேடி வர்றான். எம் புள்ளையா ஆக்கிட்டா வீடு தெரியாம போயிருவான் தம்பி’ என்கிறாள்.

எனக்கு இதில் நம்பிக்கை கிடையாது என்று சொல்ல வேண்டும். குழந்தையைப் பார்த்துக்கொண்டு அப்படிச் சொல்ல முடியவில்லை.

நீ இங்கு வர முடியாததால், பேச்சியம்மாள் தன் கையால் அள்ளிய தவிட்டை இந்தக் கடிதத்தோடு பொட்டலமாக அனுப்புகிறேன். கிழக்கே பார்த்து உட்கார்ந்து மடியில் வாங்கிக்கொள். ‘என் பிள்ளை இல்லை, பேச்சியம்மாள் பிள்ளை’ என்று மூன்று தரம் சொல். அன்றே அந்தத் தவிட்டை உன் கையால் ஒரு பசுவுக்குக் கரைத்து வைத்துவிடு. பசு தின்றால்தான் விற்றது முடியும். அதுவரை பாதி வியாபாரம்தான், பெற்றவள் அதே தவிட்டை வாங்கினவள் மடியில் கொட்டி எப்போது வேண்டுமானாலும் பிள்ளையை எடுத்துக்கொள்ளலாமாம். பசு தின்றுவிட்டால் பிள்ளையின் கல்யாணத்தின்போதுதான் திரும்ப வாங்க முடியும். அதுவரை பேச்சியம்மாளைத்தான் அம்மா என்று கூப்பிட வேண்டும், உன்னை அத்தை என்று.

பேருக்குத்தானே புஷ்பம். பிள்ளை எங்கே போய்விடப் போகிறாள், அடுத்த வாசல்தானே.

கனகராஜ்

*

மூவார்,
27-3-1931

அண்ணன் அவர்களுக்கு,

பொட்டலம் வந்தது. சமையற்கட்டுக்குப் பின்னால் கிழக்கே பார்த்து உட்கார்ந்து மடியில் கொட்டிக்கொண்டேன். மூன்று தரம் சொன்னேன். மூன்றாவது தரம் குரல் வரவில்லை, அதனால் நான்காவதும் சொன்னேன். மீரா சாகிபு பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

காய்ச்சல் எப்படி இருக்கிறது என்று உடனே எழுதுங்கள். லீவு கேட்டேன். பேபிக்கு வயிற்றுப்போக்கு, அடுத்த மாதம் பார்க்கலாம் என்றாள் துரைசாணி. பேபிக்கு டாக்டர் காரில் வந்து போகிறார்.

எழுதுங்கள் அண்ணா. பாடம் வேண்டாம், காய்ச்சல் இறங்கிவிட்டது என்று மட்டும் எழுதுங்கள்.

புஷ்பம்

*

குளாய்,
12-4-1931

தங்கை புஷ்பத்துக்கு ஆசி.

இறங்கிவிட்டது. முந்தாநாள் எழுந்து உட்கார்ந்து கருவாடு கேட்டாள். வாத்துச் சட்டையைப் போட்டுக்கொண்டு லயத்தை ஒரு சுற்று வந்தாள். கொயினாவா தவிடா என்று நான் ஆராயப் போவதில்லை. இரண்டுக்கும் ஒரு கும்பிடு.

பேச்சியம்மாளை அம்மா என்று கூப்பிடப் பழக்கிவிட்டோம். முதலில் சிரித்தாள், பிறகு பழகிவிட்டது. ராத்திரியும் அங்கேயே படுத்துக்கொள்கிறாள். அதுதான் வசதி.

பசுவுக்கு வைத்தாயா என்று நீ எழுதவில்லையே. பேச்சியம்மாள் இரண்டு தரம் கேட்டுவிட்டாள்.

இன்னொன்று. இனிமேல் கடிதத்தைத் தோட்டத்து விலாசத்துக்குப் போடாதே. குளாய் கடைத்தெருவில் நைனா முகம்மது சாப்பாட்டுக் கடை என்று போட்டால் கிடைக்கும். தோட்டத்தில் தபால் தாமதமாகிறது.

பாடம்: ‘கிவ் வே’ என்றால் வழி விடு. பாலம் பாரம் தாங்காமல் உட்கார்ந்துவிட்டாலும் கிவ் வே என்றுதான் சொல்கிறார்கள். ‘கிவ் நோட்டீஸ்’ என்றால் முன்கூட்டியே அறிவிப்பது. இது ஆபீஸ்களில் அதிகம் வரும்.

கனகராஜ்

*

மூவார்,
10-6-1931

அண்ணன் அவர்களுக்கு வணக்கம். நலம், நலமே கேட்க ஆசை.

இரண்டு கடிதம் போட்டேன், பதில் இல்லை. சாப்பாட்டுக் கடையில் சாம்பாரில் விழுந்துவிட்டதா? நீங்கள் ஆபீசைப் பற்றி எழுதுவதே இல்லை. முன்பெல்லாம் உங்களுக்கு மேலே கணக்கெழுதும் பெரிய கிராணியைத் திட்டாமல் ஒரு கடிதம் முடியாது. திட்டாமல் உங்களால் எப்படி இருக்க முடிகிறது?

இங்கே ரப்பர் விலையைப் பற்றியே பேச்சு. துரை இரவு சாப்பாட்டில் வாயே திறப்பதில்லை. பக்கத்துத் தோட்டங்களில் ஆட்களை ஊருக்கு அனுப்புகிறார்கள் என்று மீரா சாகிபு சொல்கிறார்.

ஆனால் என் விஷயம் நல்லபடி. துரைசாணி ஆஸ்பத்திரிக்கு எழுதிவிட்டாள். நேற்று அவளிடம் நான் ஒரே மூச்சில் ‘ஐ கேவ் பேபி ஹெர் மில்க் அண்ட் ஷி கேவ் மீ நோ ட்ரபிள்’ என்றேன், பால் கொடுத்தேன், அவள் தொல்லை கொடுக்கவில்லை என்று. அவள் கை தட்டினாள். ஒரே சொல்லை இரண்டு இடத்தில் வைத்துச் சொன்னேன் பாருங்கள். அப்பா இருந்திருந்தால் பிரம்பைக் கீழே வைத்திருப்பார்.

செல்லம் என்னைப் பற்றிக் கேட்கிறாளா? அத்தை என்றாவது கேட்கிறாளா?

புஷ்பம்

*

குளாய்,
2-9-1931

அன்புள்ள புஷ்பத்துக்கு,

எல்லோரும் நலம். பதில் எழுதாததற்குக் கோபித்துக்கொள்ளாதே.

ஒரு அவசரம். பேச்சியம்மாள் குடும்பத்தைத் தோட்டத்தில் கணக்கு முடித்துவிட்டார்கள். அவள் புருஷன் ஐயாசாமிக்கு ரப்பர் பால்வெட்டு வேலை இல்லை. சர்க்கார் கப்பலில் இனாமாக ஊருக்கு அனுப்புகிறார்கள். வருகிற இருபதாம் தேதி இங்கிருந்து ரயிலில் சிங்கப்பூர் போய்க் கப்பல் ஏறுகிறார்கள். முதுகுளத்தூர் பக்கம் ஊர்.

செல்லத்தை என்ன செய்வது என்று பேச்சியம்மாள் கேட்கிறாள். நீ எப்படியாவது வா. பெற்றவள் நீதான் சொல்ல வேண்டும்.

மூவாரிலிருந்து காலைப் பஸ்ஸில் ஏறினால் ஆயர் ஈத்தாமில் மாறி, சாயங்காலத்துக்குள் குளாய் வந்துவிடலாம். நேராக நைனா முகம்மது கடைக்கு வா. தோட்டத்துக்கு நேரே போகாதே.

கனகராஜ்

*

மூவார்,
4-10-1931

அண்ணன் அவர்களுக்கு,

அன்று குளாயில் நான் பஸ் ஏறும்வரை வாயைத் திறக்கவில்லை. நீங்களும் கேட்கவில்லை. மேஜை துடைக்கிற துணியைத் தோளில் போட்டுக்கொண்டு பஸ்ஸின் பக்கத்தில் நின்றீர்கள். இப்போது எழுதிவிடுகிறேன்.

கடையில் உங்களைப் பார்த்ததுமே பாதி புரிந்துவிட்டது. கிராணி வேலை போய் ஏழு மாதம் என்று நைனா முகம்மது பாய்தான் சொன்னார். மேலே பரண் மாதிரி ஓர் இடத்தில் ஆறு ஆண்களோடு படுக்கிறீர்கள். ‘தோட்டத்துக்குள்ள என்னை விடமாட்டாங்க, நீ மட்டும் போயிட்டு வா’ என்றீர்கள். அப்படியென்றால் நீங்கள் அடுத்த வாசல் என்று எழுதியபோதே அடுத்த வாசலில் நீங்கள் இல்லை. செல்லத்தை நீங்கள் பார்த்தே எத்தனை நாளோ. எனக்குக் கோபம் வந்தது. உங்கள் கையில் கொப்புளத்தைப் பார்த்ததும் போய்விட்டது.

பேச்சியக்கா வீட்டில் சாமான் எல்லாம் மூட்டை. செல்லம் அவள் சேலைக்குப் பின்னால் நின்றாள். உயரமாகிவிட்டாள் அண்ணா. கால் சதை பிடித்திருக்கிறது. ‘அத்தைக்கு வணக்கம் சொல்லு’ என்றாள் அக்கா. செல்லம் கையைக் கூப்பினாள். பிறகு உள்ளே போய் ஒரு பலகையை இழுத்துக்கொண்டு வந்து போட்டு, ‘அத்தே, ஒக்காருங்க’ என்றாள். விருந்தாளிக்குப் போடுகிற மாதிரி. நான் உட்கார்ந்தேன்.

நீங்கள் கேட்டீர்களே, பசுவுக்கு வைத்தாயா என்று. வைக்கவில்லை. மடியில் வாங்கியதை அப்படியே துணியில் முடிந்து டிரங்குப் பெட்டியில் வைத்திருந்தேன். காய்ச்சல் விட்டதும் திருப்பிக் கொட்டிவிடலாம் என்றுதான். கிவ் பேக் என்று எத்தனை தரம் காதில் கேட்டிருக்கிறேன். அதை எடுத்துக்கொண்டுதான் குளாய்க்கு வந்தேன்.

முடிச்சை அவிழ்த்தேன். பேச்சியக்கா பார்த்ததும் புரிந்துகொண்டாள். அவள் கண் கலங்கியது, ஆனால் மடியை விரித்துக்கொண்டு நின்றாள். ‘கொட்டு தாயி. ஒம் புள்ள. நீ கேட்டு நான் குடுக்காம இருப்பனா’ என்றாள்.

கை நீட்டியபடியே நின்றேன். கொட்டினால் பிள்ளை என்னுடையவள். பிறகு எங்கே கூட்டிப்போவது? பங்களாவில் விடமாட்டார்கள். உங்கள் பரணிலா? ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு வரி வரவில்லை. அதற்குள் செல்லம், ‘அம்மா, ரயிலு போயிரும்’ என்று அழ ஆரம்பித்தாள். அக்காவைப் பார்த்துத்தான் அழுதாள்.

நான் முடிச்சை மறுபடி கட்டிக்கொண்டேன். ‘கூட்டிக்கிட்டுப் போங்கக்கா. வேலை கெடச்சதும் நானே வந்து வாங்கிக்கிறேன்’ என்றேன். பேச்சியக்கா என் தலையைத் தடவினாள். அந்த நேரத்தில் எனக்குத் தாய் மாதிரி இருந்தது அவள்தான்.

இவ்வளவுதான் நடந்தது. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். கொப்புளத்துக்கு மஞ்சள் வையுங்கள்.

புஷ்பம்

*

குளாய்,
29-10-1931

புஷ்பம்,

தாளை எடுப்பதும் வைப்பதுமாக இருக்கிறேன். உன்னிடம் சொல்ல வேண்டியதற்கு எனக்குத் தெரிந்த இரண்டு பாஷையிலும் சொல் இல்லை.

நைனா முகம்மது பாயின் தம்பி ருக்னுதீன் தை மாதம் நாகப்பட்டினம் போகிறார், குடும்பத்தோடு திரும்பி வருவார். வீட்டுப் பெண்கள் உடன் வருவதால் ஒரு குழந்தையைக் கூட்டிவருவது அவர்களுக்குச் சிரமமில்லை என்று கேட்டு வைத்திருக்கிறேன். உன் வேலை கிடைக்கட்டும்.

மஞ்சள் வைத்தேன். கொப்புளம் ஆறிவிட்டது.

கனகராஜ்

*

ஜொகூர் பாரு,
6-12-1931

அன்பு அண்ணன் அவர்களுக்கு, புஷ்பத்தின் வணக்கம். நான் மிகவும் சுகம். இந்தத் தரம் பேச்சுக்காக எழுதவில்லை, நிஜமாகவே சுகம்.

விலாசத்தைப் பார்த்தீர்களா? வேலை கிடைத்துவிட்டது. மேட்ரன் என்னை நிற்க வைத்துக் கேள்வி கேட்டாள். ஒரு நோயாளி கஞ்சி வேண்டாம் என்றால் என்ன செய்வாய் என்றாள். ‘ஐ வில் நாட் கிவ் அப், மேடம். ஐ வில் கிவ் எ லிட்டில், அண்ட் எ லிட்டில் மோர்’ என்றேன். அந்த அம்மாள் எழுதிக்கொண்டிருந்த பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். நாளையே வா என்றாள்.

எனக்கு ஓர் அறை. ஒரு ஜன்னல், வெளியே கொய்யா மரம். தச்சனிடம் சொல்லிப் பழைய பெட்டிப் பலகையில் ஒரு சின்னக் கட்டில் செய்துவிட்டேன். செல்லத்தின் உயரத்தைக் கையால் காட்டினேன், அதற்கு மேல் ஒரு சாண் கூட்டிச் செய்திருக்கிறான், வளருகிற பிள்ளை என்று.

ருக்னுதீன் பாயிடம் உறுதியாகச் சொல்லிவிடுங்கள். பேச்சியக்காவுக்கு இன்றே எழுதுகிறேன். தவிட்டை அவரிடம் கொடுத்தனுப்பலாமா, நான் நேரில்தான் கொட்ட வேண்டுமா என்று கேட்டிருக்கிறேன். முடிச்சு பத்திரமாக இருக்கிறது.

நீங்களும் இங்கே வந்து வேலை தேடுங்கள். மூன்று பேரும் ஓர் ஊரில் இருப்போம். செல்லம் முதலில் அத்தை என்றே கூப்பிடட்டும், எனக்கு அவசரமில்லை.

புஷ்பம்

*

முதுகுளத்தூர் அருகில்,
28-12-1931

புஷ்பவள்ளிக்குப் பேச்சியம்மாள் சொல்ல, மகன் வேலு எழுதுவது. அம்மா சொன்னபடியே எழுதுகிறேன்.

நாங்க இருக்கோம் தாயி. நீ நல்லா இருக்கியா? ஒன் கடுதாசி நேத்துத்தான் வந்துச்சு. வேல கெடச்சது ரொம்பச் சந்தோசம். அத வாசிச்சதும் நான் செல்லத்த அனுப்புறதுக்குத்தான் நெனச்சேன், சாமி சத்தியமா.

ஆனா புள்ளைக்கு மறுபடி காச்ச வந்துருச்சு. கார்த்திகை கடேசில படுத்தவ. அதே மாதிரிதான், ஏறுது, எறங்குது. இங்க கொயினா சொல்லி வச்சாத்தான் கெடைக்குது. இவரு பரமக்குடிக்கு நடந்து போயி வாங்கியாந்தாரு. கண்ணு குழிக்குள்ள போயிருச்சு. பேச்சு வரும்போது மாட்டக் கேக்குறா, புஷ்பத்துக்குப் புல்லு போட்டாச்சான்னு.

இங்க உள்ள பொம்பளைக கேட்டாக. தவிட்டுக்கு வாங்குனதுக்கு ஏன் இப்படி வருது, பெத்தவ பசுவுக்கு வச்சாளான்னு. முடிச்ச நீ திருப்பிக் கட்டுனத நான் பாத்தேனே. வேவாரம் பாதில நின்னா ரெண்டு வீட்டுக்கும் நடுவுல நிக்கிற புள்ளைய எமன் சுளுவா தூக்கிருவான்ங்குறாக.

நான் ஒம் புள்ளைய எடுத்துக்கிறணும்னு சொல்லல தாயி. ஒனக்கே தெரியும். அவ பொழைக்கணும். ஒனக்கு மனசு வந்தா அந்தத் தவிட்ட ஒரு பசுவுக்கு வச்சுரு. வச்சுட்டு எனக்கு ஒரு வரி போடு, அதப் படிச்சு அவ காதுல சொல்லிர்றேன்.

(அம்மா இதைச் சொல்லும்போது அழுதார்கள் அக்கா. வேலு.)

*

ஜொகூர் பாரு,
13-1-1932

பேச்சியம்மாள் அக்காவுக்குப் புஷ்பவள்ளி எழுதுவது.

உங்கள் கடிதம் நேற்று வந்தது. நீங்களும், ஐயாசாமி அண்ணனும், வேலுவும் மற்றப் பிள்ளைகளும் நலமாக இருக்க வேண்டும். இது கையில் கிடைக்கும்போது காய்ச்சல் இறங்கியிருக்க வேண்டும்.

இன்று காலை வைத்துவிட்டேன். இங்கே ஆஸ்பத்திரிக்குப் பால் கறந்து கொடுக்க ஒருவர் பசுவை ஓட்டிக்கொண்டு வருவார். வெள்ளைப் பசு, கன்று போட்டு நாளாகவில்லை. தவிட்டை வண்டு அரித்திருந்தது, அவிழ்த்தால் தூசி மாதிரிப் பறந்தது. ஒரு துளியும் வீணாகாமல் தண்ணீரில் கரைத்தேன். துணியையும் அதிலேயே அலசினேன். பசு ஒரே மூச்சில் குடித்துவிட்டது, வாளியின் அடியை நக்கியது. கிழக்கே பார்த்துத்தான் நின்றேன். சொல்ல வேண்டியதை மறுபடி மூன்று தரம் சொன்னேன். இந்தத் தரம் குரல் உடையவில்லை அக்கா. அவள் காதில் சொல்லும்போது அதையும் சொல்லுங்கள்.

மேட்ரன் ஜன்னலிலிருந்து பார்த்துவிட்டு, மாட்டுக்கு என்ன கொடுத்தாய் என்று இங்கிலீஷில் கேட்டாள். தவிட்டுக்கு அவர்கள் பாஷையில் என்ன சொல்வது என்று எனக்கு அண்ணன் சொல்லித் தரவில்லை. ‘ஐ கேவ், மேடம்’ என்று மட்டும் சொன்னேன், கொடுத்துவிட்டேன் என்று. அவள் தலையாட்டிவிட்டுப் போனாள்.

ருக்னுதீன் பாயிடம் குழந்தைக்காக வர வேண்டாம் என்று சொல்லிவிடும்படி அண்ணனுக்கு எழுதிவிட்டேன். சின்னக் கட்டில் ஒன்று இருந்தது. பக்கத்து அறைத் தாதிக்குப் பெண் குழந்தை, அதற்குக் கொடுத்துவிட்டேன்.

காய்ச்சல் விட்ட பிறகு அவளுக்கு நாக்கு கசக்கும். கருவாடு கேட்பாள், கொஞ்சமாகக் கொடுங்கள். தூங்கும்போது கையைக் கன்னத்துக்குக் கீழே வைத்துக்கொள்வாள், மரத்துப் போகும், மெல்ல எடுத்துவிடுங்கள். கல்யாணத்துக்கு எனக்குச் சொல்லி அனுப்புங்கள், எத்தனை வருஷமானாலும் வருவேன். அதுவரை அவள் உங்கள் மகள். உங்களை அம்மா என்று கூப்பிடும்போது எனக்காகத் தயங்க வேண்டாம் என்று சொல்லுங்கள்.

எழுந்து உட்கார்ந்தாள் என்று ஒரு வரி போட்டால் போதும்.

இப்படிக்கு,
செல்லத்தின் அத்தை,
புஷ்பவள்ளி